எடை சொல்லாத சுமை

நோயாளியின் முகத்தைப் பார்க்காமலே அவர் எந்த வார்டில் கிடக்கிறார், சேர்ந்து எத்தனை நாளாகிறது என்று சொல்லக்கூடிய ஆள் அந்த ஆஸ்பத்திரியில் ஒருத்திதான் இருந்தாள். டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. கீழ்த்தளத்துச் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக அழுக்குத் துணி பிரித்து, வெளுத்த துணி மடிக்கிறவள். மடிப்பக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. சம்பளச் சீட்டில் இருந்த பெயரை அவளே பாதி மறந்துவிட்டாள்.

எலும்பு வார்டு விரிப்பை உதறினால் மாவுக்கட்டுத் தூள் கொட்டும். குழந்தைகள் வார்டுத் துணியில் இருமல் மருந்தின் இனிப்பு வாடை ஒட்டியிருக்கும். ஆறாம் வார்டு மட்டும் வேறு மாதிரி. ஆண்களின் மூத்திரக் கோளாறுக்கு ஆபரேஷன் செய்கிற வார்டு அது. அங்கிருந்து வருகிற விரிப்புகளில் சிலதை ஈரம் வெளியே தெரியாதபடி உள்பக்கமாகச் சுருட்டி, நுனியைச் சொருகி அனுப்பியிருப்பார்கள். வார்டு ஆயா அப்படிச் சுருட்ட மாட்டாள், அவளுக்கு ஏது நேரம்? வெட்கப்பட்ட மனுஷன் யாரோ, விடிவதற்குள் எழுந்து தானே சுருட்டியிருப்பார். அந்த மாதிரிச் சுருளைப் பிரிக்கும்போது மடிப்பக்காவின் கை தானாக மெதுவாகிவிடும். "கடவுளே, இந்த மனுஷனுக்குச் சீக்கிரம் சரியாக்குப்பா" என்று முணுமுணுத்துவிட்டுத்தான் தொட்டியில் போடுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அப்படி ஒரு சுருள் கைக்கு வந்தபோது அவளுக்கு வாய் எழவில்லை. சுருளைப் பிடித்தபடியே நின்றாள்.

வெளியே மூன்று நாளாகக் காற்று. கூரையோரமாக இருந்த ஒரே ஜன்னல் வழியே தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன, குடையோடு போராடிக்கொண்டு. உள்ளே ஆவி, சோப்பு, சூடான பருத்தி வாடை.

"என்னக்கா, துணியைக் கையில வச்சுக் கும்பிடறீங்களா?" என்றாள் இஸ்திரி போடுகிற உருளை இயந்திரத்தில் நின்ற தேய்ப்புக்காரி. அவளுக்கு வாய் நீளம். மனசு அதைவிட நீளம்.

"வியாழக்கிழமை அவரைச் சேர்க்கறோம்டி."

"எவரை?"

"எனக்கு எத்தனை பேர் இருக்காங்க? அவரைத்தான்."

"எங்க?"

மடிப்பக்கா கையிலிருந்த சுருளை உயர்த்திக் காட்டினாள். தேய்ப்புக்காரி அதைப் பார்த்த பார்வையில், உருளையில் போய்க்கொண்டிருந்த தலையணை உறையை மறந்துவிட்டாள். மூலை கருகிப் புகைந்தது. அவசரமாக நிறுத்தினாள்.

"கேன்சர்னு வந்திருக்குடி. ஆம்பளைங்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழ புராஸ்டேட்னு ஒரு சுரப்பி இருக்காம், அதுல. இன்னும் பரவலையாம். அறுத்து எடுத்துடலாம்னுட்டார் டாக்டர்."

"மாமா என்ன சொல்றாரு?"

"அவருக்குத் தெரியாது. வீக்கம், சின்னதா ஒரு கீறல்னு சொல்லி வச்சிருக்கோம்."

"இது யாரு குடுத்த யோசனை?"

"மாப்பிள்ளைதான். தெரிஞ்சா மாமா உடைஞ்சிடுவார்னார்."

"நூறு அடி உசரத்துல ஒத்தையா உக்காந்து இரும்பைத் தூக்கற மனுஷன் உடைஞ்சிடுவாராமா? நல்லாத்தான் இருக்கு கதை."

மடிப்பக்காவின் புருஷன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கீழே நிற்கிற ஆட்கள் அவருக்கு 'மேல்மாடி' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். காலையில் நூற்றுநாற்பது படி ஏறினால் ஷிப்ட் முடிந்துதான் இறங்குவார். ஐம்பத்தெட்டு வயசு. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம். மூன்று மாதமாக ராத்திரிக்கு நாலு தடவை எழுந்துகொண்டிருந்தார். "வயசாச்சு, குழாய் தேஞ்சு போச்சு" என்று சிரித்தார். மகளைக் கட்டிய மாப்பிள்ளை மருந்துக்கடை வைத்திருக்கிறவர். அவர்தான் ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துப் போனார், ஊசியால் சதை எடுத்துப் பார்க்க வைத்தார், தெரிந்த அறுவை டாக்டரிடம் நேரமும் வாங்கினார். மாமனார் மேல் உயிர். ஆனால் உயிராக இருக்கிறவர்கள்தான் சில சமயம் மனுஷனைச் சாமான் மாதிரி தூக்கி வைத்துவிடுகிறார்கள்.

அறுவை டாக்டர் கெட்டிக்காரர் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேர். மடிப்பக்காவும் அதைக் குறை சொல்ல மாட்டாள். ஆனால் போன வெள்ளிக்கிழமை அவர் அறையில் அவர்கள் இருந்தது மொத்தம் நாலு நிமிஷம். டாக்டர் மாப்பிள்ளையைப் பார்த்தே பேசினார். மாப்பிள்ளை தலையாட்டினார். நோயாளி வெளியே பெஞ்சில் மூன்று பேருடைய குடைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நோய் இல்லாத மூன்று பேர் உள்ளே அவருக்கு நாள் குறித்துக்கொண்டிருந்தார்கள்.

"வியாழக்கிழமை ஒரு படுக்கை காலியாகுது. போட்டுக்கட்டுமா?" என்றார் டாக்டர்.

"போட்டுக்குங்க டாக்டர்" என்றார் மாப்பிள்ளை.

மடிப்பக்கா மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டாக்டர் ஐயா, கத்தி வைக்காம வேற வழி ஏதாவது..." என்று ஆரம்பித்தாள்.

"எடுத்துடறதுதான் நல்லதும்மா" என்றார் டாக்டர், எழுதுவதை நிறுத்தாமல்.

"அத்தை, வெளிய பத்துப் பேர் காத்துக்கிட்டு இருக்காங்க" என்று மாப்பிள்ளை அவள் முழங்கையைத் தொட்டார். அவ்வளவுதான்.

இதையெல்லாம் அவள் சொல்லி முடிக்கும்போது கதிர் பிரிவிலிருந்து ஒரு பெண் துணிக்கட்டோடு உள்ளே வந்தாள். கீழ்த்தளத்தின் ஒரு கோடியில் சலவைக்கூடம், மறுகோடியில் ரேடியேஷன் என்கிற கதிர் வைத்தியம் செய்கிற இடம். அங்கே இயந்திரம் இயக்குகிற பெண் இவள். துணிவண்டி தள்ளுகிற ஆளுக்குக் காத்திருக்காமல் நோயாளிகள் போட்டுக் கழற்றிய கவுன்களைத் தானே எடுத்து வருவாள். அழுக்குத் துணியை மடித்துக் கொண்டுவருகிற ஒரே ஆள் அந்தக் கட்டடத்தில் அவள்தான். அதனாலேயே மடிப்பக்காவுக்கு அவள் மேல் தனிப் பிரியம். கதிர்ப்பொண்ணு என்று கூப்பிடுவாள்.

"அக்கா, கண்ணு ஏன் இப்படிச் செவந்திருக்கு? சோப்புத்தூள் பட்டுடுச்சா?"

மடிப்பக்கா வாயைத் திறப்பதற்குள் தேய்ப்புக்காரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

கதிர்ப்பொண்ணு கட்டைக் கீழே வைத்தாள். "பரவலைன்னா சொன்னாங்க? அப்புறம் ஏன்க்கா எங்க டாக்டரம்மாகிட்டக் காட்டலை?"

"உங்ககிட்ட எதுக்கும்மா? உங்ககிட்ட வர்றது, எல்லாம் முடிஞ்சு, வேற வழி இல்லாதவங்கதானே?"

"யாரு சொன்னா? இந்தக் கட்டுல பதினாலு கவுன் இருக்கு. அதுல ஆறு இந்த நோய்க்காரங்க கழட்டினது. ஒருத்தர் பள்ளிக்கூட வேன் ஓட்டறவர். காலைல பிள்ளைங்களை இறக்கிவிட்டுட்டு வருவார், பத்துப் பதினஞ்சு நிமிஷம் படுப்பார், மறுபடி வேனை எடுக்கப் போயிடுவார். அவருக்கு ஆபரேஷனே பண்ணலை."

"கத்தி?"

"கிடையாது."

"ரத்தம்?"

"நீங்கதானேக்கா துவைக்கிறீங்க. எங்க துணியில என்னிக்காவது ரத்தம் பார்த்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் பார்த்ததில்லை. அந்தக் கவுன்கள் வேர்வையும் கசங்கலுமாகத்தான் வரும். சும்மா படுத்து எழுந்து போகிறார்கள் என்று நினைத்திருக்கிறாளே தவிர, என்ன வைத்தியம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அவளுக்குள் ஏதோ ஒன்று மெல்லச் சூடேறியது. சத்தம் போடத் தெரியாத பெண் அவள். ஆயா திட்டினால் கேட்டுக்கொள்வாள், மேற்பார்வையாளர் கத்தினால் குனிந்துகொள்வாள். அன்றைக்கு மட்டும் தாங்கவில்லை. "ஏன்டி, கேட்டேனே! வாயைத் திறந்து கேட்டேனே, வேற வழி இருக்கான்னு! இதே கட்டடம். இந்தத் தாழ்வாரத்துல நடந்தா நாப்பது அடி. 'கீழ போய் ஒரு தடவை விசாரிச்சுட்டு வாம்மா'ன்னு ஒரு வார்த்தை சொல்ல அந்த மனுஷனுக்கு என்ன கொள்ளை?"

"சத்தம் போடாதீங்கக்கா, மேல கேக்கும்" என்றாள் தேய்ப்புக்காரி, பழக்கதோஷத்தில்.

"கேக்கட்டும்டி."

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கதிர்ப்பொண்ணு அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். மாப்பிள்ளை கொடுத்திருந்த பரிசோதனைக் காகிதங்களின் நகல் மடிப்பக்காவின் பையில் இருந்தது. கதிர் டாக்டரம்மா ரொட்டியும் வேகவைத்த முட்டையுமாகச் சாப்பிட உட்கார்ந்த நேரம். வெளியே போ என்று சொல்லவில்லை. "நான் தின்னுக்கிட்டே படிக்கிறேன், தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லி, ஒரு முட்டையை மூடியில் வைத்து இவள் பக்கம் தள்ளினாள். மடிப்பக்கா தொடவில்லை. ஆனால் அந்த முட்டை அவள் முன்னால் இருந்தது பெரிய தைரியமாக இருந்தது.

காகிதங்களை இரண்டு தடவை படித்துவிட்டு டாக்டரம்மா சொன்னாள்: "இந்த நிலைமையில ரெண்டு வழியும் உண்டும்மா. ஆபரேஷன் பண்ணியும் எடுக்கலாம். கதிர் வச்சும் அழிக்கலாம். பல வருஷம் கழிச்சுப் பார்த்தாலும், உயிர் பிழைக்கிறதுல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியறதில்லை. வித்தியாசம் எல்லாம் கூட வர்ற தொந்தரவுலதான்."

"அந்தத் தொந்தரவு எனக்குத் தெரியும் டாக்டரம்மா. ஆறாம் வார்டு விரிப்பு என் கை வழியாத்தான் போகுது. எல்லாரும் நனைஞ்சுதான் கிடக்கறாங்க."

டாக்டரம்மா ரொட்டியைக் கீழே வைத்தாள். "நீங்க பார்க்கிறது முதல் வாரத்து விரிப்பு. ஆறு மாசம் கழிச்சு அவங்க வீட்டுக் கொடியில காயற விரிப்பை நீங்க பார்க்கலையே. நிறையப் பேருக்குச் சரியாகிடும். சிலருக்குத்தான் கசிவு நிக்கறதில்லை. உங்களுக்குத் தெரிஞ்சது உண்மைதான், ஆனா பாதி உண்மை."

மடிப்பக்காவுக்கு முகம் சுருங்கியது. தன் தொழிலில் முதல் தடவையாக ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்ட மாதிரி.

"எங்க வழியும் ஒண்ணும் பூப்பாதை இல்லை. வாரத்துக்கு அஞ்சு நாள், நாலு வாரமோ அதுக்கு மேலயோ தினமும் வரணும். எரிச்சல் இருக்கும், அவசர அவசரமா ஓட வேண்டியிருக்கும், வயிறு கெடும், அலுப்பா இருக்கும். சிலருக்கு வருஷம் கழிச்சு ரத்தக்கசிவு வரலாம். ஹார்மோன் ஊசியும் சேர்த்துப் போடச் சொல்லுவோம். கதிர் வச்சப்புறம் நோய் திரும்ப வந்தா, அப்ப ஆபரேஷன் பண்றது ரொம்பக் கஷ்டம். அப்புறம்..." டாக்டரம்மா குரலைத் தாழ்த்தினாள், "புருஷன் பொண்டாட்டியா இருக்கறதுலயும் ரெண்டு வழியிலயும் குறை வரலாம். ஆபரேஷன்ல உடனே தெரியும், இதுல மெதுவாத் தெரியும். அதை மேல சொன்னாங்களா?"

"ஒண்ணுமே சொல்லலை டாக்டரம்மா." மடிப்பக்கா தரையைப் பார்த்தாள். முப்பது வருஷத் தாம்பத்தியத்தை நாலு நிமிஷத்தில், அவளையும் கேட்காமல் அவரையும் கேட்காமல், ஒரு காகிதத்தில் முடித்திருக்கிறார்கள்.

"சரி, அவர் எங்க? அவர்கிட்டத்தான் நான் பேசணும். முடிவு அவரோடது."

"நான் சொல்லிக்கறேன்" என்றாள் மடிப்பக்கா வேகமாக. அந்தக் கடைசிப் பேச்சு அவள் காதில் சரியாக ஏறவில்லை. கோபம் கண்ணை மறைக்கும் என்பார்கள், காதையும் அடைக்கும்.

தாழ்வாரத்தில் நின்றே மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள்.

"மாப்பிள்ளை, வியாழக்கிழமை ஆபரேஷன் வேண்டாம். கதிர் வச்சுக்கலாம்."

"என்ன அத்தை இது, துணி துவைக்கிற இடத்துல வைத்தியம் சொல்றாங்களா? உள்ள இருக்கறதை அப்படியே வச்சுக்கிட்டு லைட்டு அடிப்பாங்க. பூச்சி அரிச்ச பலகையைப் பெயர்த்து எடுக்கறதா, வண்ணம் அடிக்கிறதா?"

"அது வண்ணம் இல்லை மாப்பிள்ளை. டாக்டரம்மாவே சொன்னாங்க."

"நான் எவ்வளவு கெஞ்சி அந்தத் தேதியை வாங்கினேன் தெரியுமா? மாமா நல்லா இருக்கணும்னு எனக்கு அக்கறை இல்லையா?"

"அக்கறை இருக்கு. அதுல குறை சொல்லலை. ஆனா உங்க அக்கறைக்குக் காது இல்லை மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மாப்பிள்ளையிடம் அவள் எதிர்த்துப் பேசிய முதல் வாக்கியம் அது. பயமாக இருந்தது. கூடவே கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது கிரேன்காரர் சமையலறைக் குழாயைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார். காற்று அளவு மீறினால் கிரேனை நிறுத்திப் பூட்டிவிடுவார்கள். மூன்று நாளாக அவர் வீட்டில்தான்.

"வா வா. உன் குழாய் சொட்டறது நின்னுடுச்சு. என் குழாய்க்கு வியாழக்கிழமை" என்று சிரித்தார். "ஃபோர்மேன்கிட்டச் சொல்லிட்டேன். சின்னக் கீறல்தான், அடுத்த திங்கட்கிழமை மேல ஏறிடுவேன்னு."

அந்தத் 'திங்கட்கிழமை' அவளை என்னவோ செய்தது. பையைக்கூட இறக்கி வைக்காமல் சொன்னாள்: "ஏங்க, உங்களுக்கு ஆபரேஷன் கிடையாது. நான் மாத்திட்டேன். கதிர் வச்சே சரி பண்ணிடலாம்."

"கதிரா? வீக்கத்துக்கா?"

அவள் பையை இறக்கி வைத்தாள். அவர் கையிலிருந்த ஸ்பேனரை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"கேன்சரா?"

"பரவலைங்க. சத்தியமாப் பரவலை."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"போன வெள்ளிக்கிழமை."

"நான் குடையை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனே, அன்னிக்கு."

"ஆமா."

அவர் எழுந்து கையைக் கழுவினார். துடைத்தார். மறுபடி கழுவினார். பேசும்போது குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"முப்பத்திரண்டு வருஷம் மேல உக்காந்திருக்கேன். கொக்கியில மாட்டறதுக்கு முன்னாடி எடை என்னன்னு கீழேருந்து சொல்லணும். சொல்லலைன்னா நான் கைப்பிடியைத் தொட மாட்டேன். கப்பல் காத்துக் கிடந்தாலும் சரி, முதலாளியே வந்து குதிச்சாலும் சரி. ஏன் தெரியுமா? எடை தெரியாமத் தூக்கினா கிரேன் சாயும். கிரேனுக்குள்ள இருக்கறவன் நான். கீழ நிக்கறவன் ஓடிடலாம். இன்னிக்கு வரைக்கும் எந்தக் கூலிக்காரனும் என்னை ஏமாத்தினதில்லை. நீங்க எல்லாரும் சேர்ந்து என் உடம்புலயே சுமையை மாட்டிட்டு, எடையை மாப்பிள்ளைகிட்டச் சொல்லியிருக்கீங்க!"

"உங்க மனசு தாங்காதுன்னுதான்..."

"எது தாங்கும், எது தாங்காதுன்னு பார்க்கத்தானே எடையைக் கேக்கறது?"

"அதனாலதாங்க நான் இன்னிக்குப் போய் விசாரிச்சு..."

"விசாரிச்சே. நல்லதுதான். விசாரிச்சுட்டு என்கிட்ட வந்து என்ன சொன்னே? 'மாத்திட்டேன்'னே. டாக்டர் என்னைக் கேக்கலை, மாப்பிள்ளையும் கேக்கலை. சரி, அவங்க வேற. நீயும் கேக்கலையே! அவர் கத்தியை வச்சார், நீ கதிரை வைக்கறே. எனக்கு இதுல என்ன வித்தியாசம் சொல்லு?"

காலையிலிருந்து டாக்டர் மேல், மாப்பிள்ளை மேல், அந்த நாலு நிமிஷத்தின் மேல் எரிந்துகொண்டிருந்த அத்தனை நெருப்பும் திரும்பி அவள் முகத்திலேயே அடித்தது. டாக்டரம்மா சொன்னது இப்போதுதான் காதில் விழுந்தது: அவர் எங்க?

சூப்பைச் சூடு பண்ணி வைத்தாள். இரண்டு பேரும் குடித்தார்கள். பாத்திரம் கழுவும்போது கடவுளிடம் குணமாக்கு என்று கேட்க வாய் வரவில்லை. என்னை மன்னிச்சிடு என்றுதான் வந்தது. அப்புறம், கடவுளிடம் சொல்லி என்ன பிரயோஜனம், சொல்ல வேண்டிய ஆள் அடுத்த அறையில்தானே இருக்கிறார் என்று ஈரக்கையோடு போய் அவர் முன்னால் நின்றாள்.

"தப்புதாங்க. ஒவ்வொண்ணாச் சொல்றேன். அந்த டாக்டரம்மா சொன்னது எல்லாம், நல்லது கெட்டது ரெண்டும். எனக்குப் புரியாததைப் புரியலைன்னே சொல்லிடறேன்."

"உக்காரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒரு பென்சிலும் எடுத்து வைத்துக்கொண்டார்.

மறுநாள் புதன்கிழமை. அறுவை டாக்டரின் அறைக்குள் கிரேன்காரர் முதலில் நுழைந்து, நோயாளிக்கான நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னால் மடிப்பக்கா. விஷயம் தெரிந்து மாப்பிள்ளையும் கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்திருந்தார். உட்கார நாற்காலி இல்லாமல் கதவோரம் நின்றார்.

"நாளைக்குத்தானே படுக்கை? இன்னிக்கு ஏன்?" என்றார் டாக்டர்.

"கேக்க வந்தேன் டாக்டர். எனக்குக் கேன்சர்னு நேத்து சாயங்காலம்தான் தெரியும்."

டாக்டர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தார்.

"என் வீட்டுக்காரி அன்னிக்கு உங்களைக் கேட்டா, வேற வழி இருக்கான்னு. கீழ்த்தளத்துல இருக்கு. உங்களுக்குத் தெரியும். ஏன் சொல்லலை?"

"நான் அறுவை டாக்டர். எனக்கு நம்பிக்கை உள்ளதைச் சொன்னேன். அது உங்களுக்கு நல்ல வைத்தியம்தான்."

"நல்லதாவே இருக்கட்டும் டாக்டர். நீங்க கெட்டது பண்ணினதா நான் சொல்லலை. ரெண்டு பாதை இருக்கிற இடத்துல ஒரு பாதையைக் காட்டிட்டு, இன்னொண்ணு இருக்கறதையே சொல்லாம விட்டீங்க பாருங்க, அதைத்தான் கேக்கறேன்."

"உங்க குடும்பம் முடிவு பண்ணிட்டு வந்த மாதிரி இருந்தது. வெளிய அவ்வளவு பேர். எல்லாருக்கும் எல்லாத்தையும் விளக்கிக்கிட்டிருந்தா..."

"எல்லாருக்கும் வேண்டாம் டாக்டர்" என்றாள் மடிப்பக்கா. "யாரை அறுக்கப் போறீங்களோ அவருக்கு மட்டும்."

டாக்டரின் காது சிவந்தது. கோபத்தில் ஏதோ சொல்லப் போகிறார் என்றுதான் மாப்பிள்ளை பயந்தார். ஆனால் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியைக் கிரேன்காரர் பக்கம் திருப்பினார். ஆயிரம் ஆனாலும் ஒரு தாய் பெற்ற மனுஷன்தானே!

"சரி. கேளுங்க."

கிரேன்காரர் பென்சிலில் எழுதி வந்ததைப் பிரித்தார். எத்தனை நாள் மூத்திரக்குழாய் மாட்டியிருக்கும், கசிவு நிற்க எவ்வளவு நாள் ஆகும், நிற்காமல் போகிறவர்கள் எத்தனை பேர், படி எப்போது ஏறலாம் என்று வரிசையாகக் கேட்டார். டாக்டர் சொன்னார். பொய் சொல்லவில்லை, மழுப்பவும் இல்லை. கடைசியில், "கதிர் டாக்டரையும் பாருங்க. வியாழக்கிழமைப் படுக்கையை வேற ஆளுக்குக் கொடுத்துடறேன். நீங்க அறுவைதான்னு வந்தீங்கன்னா, மறுபடி வரிசையில நிக்க வைக்க மாட்டேன்" என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்காக மடிப்பக்கா அவரை மனசுக்குள் பாதி மன்னித்தாள். மீதிப் பாதியை வைத்துக்கொண்டாள், இன்னும் எத்தனை பேர் வெளியே குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ என்று.

தாழ்வாரத்தில் மாப்பிள்ளை, "மாமா, நான்..." என்று தடுமாறினார்.

"பரவாயில்லை மாப்பிள்ளை. ஆனா ஒண்ணு. இனிமே என் உடம்பைப் பத்தி எங்கயாவது பேசினா, நானும் அங்க இருக்கணும்."

"கண்டிப்பா மாமா."

"குடையை நீங்க பிடிச்சுக்குங்க" என்றார். மாப்பிள்ளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஒன்பது நாள் யோசித்தார் அவர். கதிர் டாக்டரம்மாவிடம் இரண்டு தடவை போனார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவரைத் தேடிப் பிடித்து, அவரோடு டீ குடித்தார். தினமும் மூத்திரப்பை நிறையத் தண்ணீர் குடித்து, கதிர் வைக்கிற வரைக்கும் அடக்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று வேன்காரர் சொன்னபோது, "அடக்கறதுல நான் பட்டம் வாங்கினவன். குடிக்கறதுதான் பழகணும். ஷிப்ட்ல முப்பது வருஷமா ஒரு வாய் தண்ணி குடிச்சதில்லை" என்றாராம். கப்பல் காத்திருக்கிறது என்று ஒரு மனுஷனைத் தண்ணீர்கூடக் குடிக்கவிடாமல் உட்கார வைத்தவர்கள் மேல் மடிப்பக்காவுக்கு அன்றைக்குப் புதிதாக ஒரு கோபம் வந்தது. அது வேறு கதை.

பத்தாவது நாள் காலையில் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே சொன்னார்: "கதிர்தான்."

அவள் தட்டைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "சரிங்க."

"ஏன்னு கேக்க மாட்டியா?"

"ஏங்க?"

"காலைல அதை முடிச்சுட்டு, மத்தியானம் தரையில சரக்குச் சீட்டு எழுதற வேலை பார்க்கலாம்னு ஃபோர்மேன் ஒத்துக்கிட்டான். அது ஒரு காரணம். இன்னொண்ணு, கத்தின்னா எனக்குப் பயம். டாக்டரம்மாகிட்டயே சொல்லிட்டேன். பயமும் ஒரு காரணம்தான், எழுதிக்கறேன்னாங்க." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க எல்லாரும் முதல்லயே கேட்டிருந்தா, ஒருவேளை கத்தியைத்தான் சொல்லியிருப்பேனோ என்னவோ" என்றார்.

"அதையும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

"இப்ப சொல்றே" என்றார். ஆனால் சிரித்தார்.

கதிர் பிரிவின் முன்னறையில் சம்மதப் படிவம் கொடுத்தார்கள். நாலு பக்கம். மேஜைக்குப் பின்னால் இருந்த பதிவுக்காரர் பேனாவை நீட்டி, "கடைசிப் பக்கத்துல கையெழுத்து, பெரியவரே" என்றார். கிரேன்காரர் பேனாவை வாங்கிப் பையில் சொருகிக்கொண்டு, கண்ணாடியைப் போட்டு, முதல் பக்கத்தின் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். விரலை வைத்து, உதடு அசைய, ஒவ்வொரு வரியாக. பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். யாரோ இருமினார்கள். கதிர்ப்பொண்ணு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு ஸ்டூலை எடுத்துவந்து அவர் பின்னால் வைத்துவிட்டுப் போனாள். அவர் உட்கார்ந்து, இரண்டாம் பக்கத்தில் ஒரு வார்த்தை புரியாமல் மறுபடி முதல் பக்கத்துக்குத் திரும்பினார்.

"எல்லாம் வழக்கமா எழுதறதுதான் பெரியவரே. யாரும் இவ்வளவு நேரம் படிக்கிறதில்லை. எல்லாரும் போட்டுட்டுத்தான் போறாங்க" என்றார் பதிவுக்காரர், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி.

சலவை உடுப்பிலேயே வந்து சுவரோரம் நின்றிருந்த மடிப்பக்கா முன்னால் வந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்டிராத குரல் அது. தாழ்வாரத்தின் மறுகோடியில் தேய்ப்புக்காரி உருளையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள்.

"படிக்கட்டும்யா. அவர் உடம்பு அது. முழுசாப் படிச்சுட்டு, போடணும்னா போடுவார், வேண்டாம்னா எழுந்து போவார். நாங்க நிக்கறோம்."

வரிசையில் இரண்டாவதாக நின்ற ஒல்லி மனுஷர் ஒருவர் தன் கையில் கையெழுத்தோடு தயாராக இருந்த படிவத்தைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். முதல் பக்கத்துக்குத் திரும்பினார்.